இந்த வருஷத்து யூதாஸ்

சான் இனோசென்சியோ
18 பிப்ரவரி 2024

அன்செல்மோ,

'அன்புள்ள' என்று போடவில்லை, கவனித்தாயா? நன்றாகக் கவனித்துக்கொள்.

போனில் கூப்பிட்டால் "சரி மனாய், சரி மனாய்" என்று நாலு தடவை சொல்லி வைத்துவிடுவாய். ஊருக்கெல்லாம் நான் மனாய் என்றால் உனக்குக் கூடப் பிறந்த அக்கா, எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். அதனால்தான் காகிதம். மணிலா பஸ் ஓட்டும் நோனோயிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

சாம்பல் புதனன்று பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு ஊரே பிளாசா மைதானத்தில் கூடியது. கை தூக்கச் சொல்லி எண்ணினோம். ஈஸ்டரன்று வெடிக்கும் இந்த வருஷத்து யூதாஸ் பொம்மைக்கு மேயர் முகம்தான் என்று முடிவாயிற்று. அவர் கட்டிய பஸ் நிழற்குடையை நீ பார்க்கவில்லையே. பெயர்ப்பலகை பத்தடி, கூரை மூன்றடி. மழை வந்தால் அவர் பெயர் மட்டும் நனையாமல் நிற்கிறது. மேயருக்கும் இதில் வருத்தமில்லை. ஐந்தாவது தடவை யூதாஸ் ஆகிறார். "போன தடவை தலைமுடி கம்மியா வச்சுட்டீங்க மனாய், இந்தத் தடவை கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று போட்டோவே கொடுத்தனுப்பினார்.

யூதாஸ் கமிட்டித் தலைவி என்ற முறையில் நம் ஊரின் இணையப் பக்கத்தில் அறிவிப்புப் போட்டேன். என்ன போட்டேன்? வருஷா வருஷம் ஒலிபெருக்கியில் சொல்வதைத்தான் போட்டேன்: "ஈஸ்டர் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிளாசாவில் மேயரை வெடிக்கிறோம். வயிற்றில் நாற்பது பட்டாசு. தலையில் பெரிய வெடி. குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்."

பதினொரு நிமிஷம். பதிவைக் காணோம். பக்கத்தையும் பூட்டிவிட்டார்கள். என் சொந்தக் கணக்குக்கும் முப்பது நாள் வாய்ப்பூட்டு. அதோடு போயிற்றா? மறுநாள் போலீஸ் சார்ஜென்ட் மக்காரியோ என் பேக்கரிக்குள் தொப்பியோடு வந்து நிற்கிறார்.

"மனாய், குண்டு எங்க?"

"என்ன குண்டு?"

"மேயரைக் கொல்றதுக்கு வச்சிருக்கிற குண்டு. மணிலாலேர்ந்து தாக்கீது வந்திருக்கு."

"யோவ், வருஷா வருஷம் யூதாஸ் வயித்துல பட்டாசு திணிக்கிறதே நீதானய்யா!"

"அது எனக்குத் தெரியுது மனாய். தாக்கீதுல அப்படி எழுதலையே."

மாவு மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவினார். சட்டையெல்லாம் வெள்ளை. போகும்போது கையெழுத்து வேறு வாங்கிக்கொண்டு போனார்.

நீ அந்தத் தளத்துக்குத்தானே பதிவுகளைப் பார்த்துப் பார்த்து அழிக்கிற வேலை செய்கிறாய்? இதைச் செய்த மடையன் யார் என்று விசாரித்து எழுது. படகு இன்று போகுமா, புயல் எங்கே நிற்கிறது என்று இந்த ஊர் பார்ப்பது அந்தப் பக்கத்தில்தான். அது திரும்ப வர வேண்டும்.

உன் அக்கா,
மெல்ச்சோரா

---

தாகிக், மணிலா
23 பிப்ரவரி 2024

அன்புள்ள மனாய்,

உன் கடிதம் கிடைத்தது. வேலை செய்யும் கூடத்துக்குள் பேனாவோ காகிதமோ கொண்டு போகக் கூடாது. போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் கேன்டீனில் உட்கார்ந்து, சோற்றுக்குப் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். கறை இருந்தால் மன்னித்துக்கொள்.

உங்கள் பதிவு குறித்துச் சம்பந்தப்பட்ட ஊழியர் விதிப்படியே நடந்திருப்பார் என்று நினைக்கிறேன். யாரை, எப்படி, எங்கே, எப்போது என்று நான்கும் ஒரே பதிவில் இருந்தால் அது கொலை மிரட்டல். உன் பதிவில் நான்கும் இருந்தன. கூடவே குழந்தைகளும் இருந்தார்கள். மனாய், முன்வரிசை என்று எதற்கு எழுதினாய்?

ஒரு பதிவுக்கு எங்களுக்கு இருபத்தைந்து நொடி. சிரிக்காதே. போன மாதம் வேறு ஊர்ப் பதிவு ஒன்றை, 'சும்மா கோபத்தில் எழுதியிருக்கிறான்' என்று ஒருவர் விட்டுவிட்டார். அவன் சும்மா எழுதவில்லை. இரண்டு பேர் உயிர் போய்விட்டது. விட்டவர் இப்போது வேலைக்கு வருவதில்லை.

மேல்முறையீடு செய். "இது வைக்கோல் பொம்மை, உயிருள்ள மனிதர் அல்ல, ஈஸ்டர் வழக்கம்" என்று மூன்றே வரி எழுது. பழைய வருஷத்துப் போட்டோ ஒன்றையும் சேர். தயவுசெய்து யாரையும் திட்டாதே. முக்கியமாக 'மடையன்' என்ற சொல் வேண்டாம்.

தம்பி,
அன்செல்மோ

---

சான் இனோசென்சியோ
27 பிப்ரவரி 2024

தம்பி அன்செல்மோ,

நீ சொன்னபடி மூன்று வரி எழுதினேன். மேயர், தான் யூதாஸாக வெடித்த நாலு வருஷத்துப் போட்டோக்களையும் தானே தேடிக் கொடுத்தார். நேற்றுப் பக்கம் திரும்பி வந்துவிட்டது. என் வாய்ப்பூட்டையும் எடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை தப்பு நடந்தால் பக்கத்தை ஒரேயடியாக மூடிவிடுவார்களாம். எச்சரிக்கையும் வந்திருக்கிறது.

ஆனால் உன் கடிதத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'சம்பந்தப்பட்ட ஊழியர்.' நீ எப்போதிலிருந்து இப்படிப் பேசுகிறாய்? சின்ன வயதில் அம்மாவின் சீனி டப்பாவைக் காலி பண்ணிவிட்டு "யாரோ எடுத்திருப்பாங்க" என்று சொன்னாயே, அதே குரல்.

நம் ஊர்ப் பேச்சு தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் நாலே பேர் என்று நீதான் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பெருமையடித்தாய். ஒருத்தி பிரசவ விடுப்பில் இருக்கிறாள் என்றும் சொன்னாய். மிச்சம் மூன்று. அதில் நம் யூதாஸைப் பார்த்தவன் ஒருவன்தான்.

ஒரே வார்த்தையில் பதில் எழுது. நீயா?

மெல்ச்சோரா

---

தாகிக்
4 மார்ச் 2024

மனாய்,

நான்தான்.

பதிவு திரையில் வந்ததும் உன் பெயரைப் பார்த்தேன். படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நொடி பயம் வந்தது. எனக்கு மதிப்பெண் சரியாகத் தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை, மூன்று எச்சரிக்கை வந்தால் வீடு. சொந்தக்காரர் பதிவு என்றால் கையைத் தூக்கி மேற்பார்வை மேடத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால், 'உன் அக்கா எதுக்கு மேயரை வெடிக்கிறா?' என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்க வேண்டும். 'விட்டுவிடு' என்று அழுத்தினால், எங்களைச் சோதிக்கும் ஆள் வேறு நாட்டில் இருக்கிறார், அவருக்கு யூதாஸும் தெரியாது, நம் ஊரும் தெரியாது, தப்பு என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். அழித்துவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அழித்துவிட்டேன். போலீசுக்குப் போகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

தப்பு என்று தெரிந்தே செய்தேன். விதியைக் காரணம் சொன்னது சும்மா. என்னை மன்னித்துவிடு.

வேலையைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை யாரிடமும் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அன்செல்மோ

---

சான் இனோசென்சியோ
10 மார்ச் 2024

அட அறிவுகெட்டவனே,

இவ்வளவு ரகசியமான கடிதத்தை ஒட்டாமலா கொடுத்தனுப்புவாய்?

நோனோய் தாமரைப்பூப் போலப் புனிதன் என்று நினைத்தாயா? வழியில் பஸ் டயர் வெடித்திருக்கிறது. மாற்று டயர் வரும்வரை பொழுது போக வேண்டாமா? எடுத்துப் படித்திருக்கிறான். அவன் மட்டும் படித்தால் பரவாயில்லை, பின்சீட்டில் ஒரு கிழவிக்குக் காது கேட்காது என்பதற்காக உரக்கப் படித்திருக்கிறான். எனக்கு முன்னால் முப்பத்தொன்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. நான் பஸ் நிலையத்துக்குப் போனபோது எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அப்போதே நோனோய் சட்டையைப் பிடித்துக் கேட்டேன்.

அன்று மாலையே பிளாசாவில் கூட்டம். நான் கூட்டவில்லை, தானாகக் கூடியது. முதலில் எழுந்தவர் யார் தெரியுமா? மேயர்.

"நான் ஊருக்குக் கெடுதல் செஞ்சேன், சரி. ஆனா ஊர் வாயை மூடலையே! என்னைத் திட்டுறதை அழிக்க இவன் யாரு? நான் கேட்டேனா?"

"கேட்கல, கேட்கல!" என்று எல்லாரும்.

"அப்ப எனக்கு விடுதலை குடுங்க. இந்த வருஷம் அவன்தான்."

மக்காரியோ எழுந்து, "என் யூனிபார்ம்லேர்ந்து மாவு இன்னும் போகல" என்றார். அதற்குக் கைதட்டல் வேறு.

செத்தவர் முகம் கூடாது, நோயாளி முகம் கூடாது, சோற்றுக்கு வழியில்லாதவர் முகம் கூடாது என்பதுதான் யூதாஸ் கமிட்டியின் சட்டம். உனக்கு மூன்றும் பொருந்தாது. சொந்தக்காரர் மறுக்கக் கூடாது என்பது நான்காவது சட்டம். அதைப் போட்டவள் நான்தான், மேயரின் மச்சானை அடக்குவதற்காகப் போட்டேன். இப்போது என் தலையில் விழுந்தது.

இருநூற்றுப் பதினான்கு கை உனக்கு. மேயருக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் என் கையும் ஒன்று.

முகம் செய்வது கமிட்டித் தலைவி. திரியில் நெருப்பு வைப்பதும் கமிட்டித் தலைவி. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

மெல்ச்சோரா

---

தாகிக்
15 மார்ச் 2024
(பசை போட்டு ஒட்டியிருக்கிறது. மேலே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நோனோய், பிரித்தால் தெரியும்.)

மனாய்,

இது அநியாயம். மேயர் பொது ஆள். பொது ஆளைக் கிண்டல் செய்யலாம். நான் தனி ஆள். தனி ஆளின் முகத்தை எரிப்பது போலக் காட்டினால், அந்த ஆளே சம்மதித்தால் ஒழிய, எங்கள் விதிப்படி அழித்துவிட வேண்டும். நான் சம்மதிக்கவில்லை. எழுத்திலேயே சொல்கிறேன், சம்மதிக்கவில்லை.

ஊர்ப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதுகிறார்களாம். நோனோய் காட்டினான். உடனே அந்தப் பதிவுகளை எடுத்துவிடு. பக்கத்துக்குப் பொறுப்பு நீதானே!

எல்லாரும் கேலி செய்யும்போது சிரித்துக்கொண்டே கடந்துபோக நான் மேயரில்லை. அவருக்குப் பழக்கம். நான் வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு, அம்மா கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்ற வருகிறவன். என் முகத்தை வெடித்த தெருவில் நான் எப்படி நடந்து போவேன்? நீ உன் கையால் நெருப்பு வைத்தால் இனி ஊர்ப்பக்கமே வரமாட்டேன். மிரட்டல் இல்லை. நிஜமாகவே வர முடியாது.

அன்செல்மோ

---

சான் இனோசென்சியோ
22 மார்ச் 2024

அன்புள்ள அன்செல்மோ,

இந்தத் தடவை போட்டிருக்கிறேன், பார்.

"பதிவை எடு" என்று நீ எழுதியதைப் படித்ததும் கொதித்தது. என் பதிவை அழித்தபோது விதி, உன்னைத் திட்டினால் உடனே எடு. எங்கள் வாய்க்கு மட்டும்தான் பூட்டா? ஒன்றையும் தொடமாட்டேன் என்று எழுதிவிட்டுத்தான் பக்கத்தைத் திறந்தேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் சாதாரணத் திட்டுதான். 'மணிலாவுக்குப் போய் மூளையை அடகு வச்சவன்.' விட்டுவிட்டேன், உண்மைதானே. 'மெல்ச்சோரா வளர்த்த லட்சணம்.' பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். அப்புறம் ஒருத்தன் அம்மாவை இழுத்தான். என்ன எழுதினான் என்று உனக்குச் சொல்லமாட்டேன். அழித்தேன். அதற்குக் கீழே இன்னொருத்தன் அதையே திருப்பி எழுதினான். அதையும் அழித்தேன். கை ஓடிவிட்டது தம்பி. ஓடிய கை நிற்கவில்லை. உன்னைத் துரோகி என்று எழுதியதை அழித்தேன். உன் மூக்கைப் பற்றி எழுதியதை அழித்தேன். மொத்தம் பத்தொன்பது.

பத்தொன்பதாவது என்ன தெரியுமா? 'மனாய் பேக்கரி பன் வரவரச் சின்னதாப் போகுது.' அதில் உன் பெயரே இல்லை. அது எப்படி என் கைக்கு வந்தது என்று இப்போதும் புரியவில்லை.

பன் சின்னதாகத்தான் ஆகியிருக்கிறது. மாவு விலை ஏறிவிட்டது.

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பதிவுக்கு எனக்கு இருபத்தைந்து நொடிக்கு மேலேயே ஆயிற்று, யாரும் மதிப்பெண் போடவில்லை, மூன்று எச்சரிக்கை வந்தால் வீடு என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படியும் பன்னை அழித்தேன். நீ ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கிறாய்? ஆயிரமா?

ஆனாலும் ஓட்டு ஓட்டுதான். ஊரில் ஒருத்தர் விடாமல் கேட்டுக் கைதூக்கினார்கள். என் தம்பி என்பதற்காக நான் மாற்றினால், அப்புறம் மேயர் நிழற்குடையைப் பற்றி நான் எந்த வாயால் பேசுவேன்? ஈஸ்டரன்று யூதாஸ் வெடிக்கும். நெருப்பும் நான்தான் வைப்பேன். பக்கத்தில் நேரலையும் போகும். முகத்துக்குக் காகிதக்கூழ் ஊறப்போட்டுவிட்டேன்.

விடுப்புக் கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் அன்று காலை எதையும் பார்க்காதே.

உன் அக்கா,
மெல்ச்சோரா

---

தாகிக்
31 மார்ச் 2024, ஈஸ்டர்

அன்புள்ள மனாய்,

விடுப்புக் கிடைக்கவில்லை. காலை ஆறு மணி வேலை. எதையும் பார்க்காதே என்று நீ எழுதினாய். பார்ப்பதுதானே மனாய் என் வேலை!

ஏழு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு வந்தது. நம் ஊர்ப் பக்கம், நேரலை, எட்டுப் பேர் புகார். 'தனி ஆளை எரிக்கிறார்கள்' என்று குறிப்பு. என் முகம் எரிவதை நானே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அழுத்தி ஓட விட்டேன்.

வைக்கோல் யூதாஸ் கம்பத்தில் தொங்குகிறது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இது நானே இல்லையே, இந்த மூக்கு என் மூக்கா, ஒழுங்காகச் செய்யக்கூட அக்காவுக்கு மனம் வரவில்லை என்று நினைத்தேன். அப்புறம் கொண்டையைப் பார்த்தேன். காதோரம் உன் மச்சத்தைப் பார்த்தேன். நீ ஏப்ரனோடு, கையில் நெருப்போடு, உன் முகத்துக்கு நேர் எதிரே நிற்கிறாய்.

கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். "மனாய், நாங்க அன்செல்மோவுக்குத்தானே கை தூக்கினோம்!"

நீ திரும்பிப் பார்த்துச் சொன்னாய். ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். "ஊர் பேசினதை அழிச்சவனுக்குத்தானே கை தூக்கினீங்க? அவன் அழிச்சது ஒண்ணு. நான் அழிச்சது பத்தொன்பது. போய்ப் பக்கத்துல எத்தனை காணோம்னு எண்ணிப் பாருங்க."

மேயர் சிரித்தார். மற்றவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். நீ திரியில் நெருப்பை வைத்தாய்.

மனாய், நான் அழித்த எதையும் இவ்வளவு ஆசையாக அழிக்க நினைத்ததில்லை. உன் முகம் வெடிப்பதை உலகமே பார்க்க வேண்டுமா? விரல் அழிக்கும் பொத்தான் மேலேயே இருந்தது. அழித்திருந்தால் விதிப்படி சரி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நம் ஊர்ப் பக்கமும் இன்றோடு போயிருக்கும். இருபத்தைந்து நொடி தாண்டிவிட்டது, திரை சிவப்பாக மின்னியது. கையைத் தூக்கினேன்.

மேற்பார்வை கிரிசால்டா மேடம் வந்தார்கள்.

"என்ன அன்செல்மோ?"

"மேடம், இது என் அக்கா. நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது."

"எரியுற பொம்மையா?"

"ஆமா மேடம்."

"அழிச்சிடலாமா? தனி ஆள்தானே. அந்தம்மா சம்மதிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

"நெருப்பு வைக்கிறதே அவங்கதான் மேடம்."

குனிந்து பார்த்தார்கள். பொம்மையைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்தார்கள், திரும்பப் பொம்மையைப் பார்த்தார்கள். அந்த நேரம் தலைவெடி வெடித்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். 'விட்டுவிடு' என்பதை அவர்கள் கையாலேயே அழுத்தினார்கள். நேரம் தாண்டியதற்கு எனக்கு ஒரு எச்சரிக்கை போட்டார்கள். பிப்ரவரியில் நடந்ததையும் அங்கேயே சொல்லிவிட்டேன், கடிதம் எழுதியதையும் சொன்னேன். அதற்கு இன்னொன்று போட்டார்கள். இன்னும் ஒன்றுதான் மிச்சம். ஆச்சரியம் என்னவென்றால் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். காவலாளி, பெண் விஷயம் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நோனோய் பஸ்ஸிலேயே வருகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டவில்லை, அவன் வழியில் படிக்கட்டும். பின்சீட்டுக்கும் கேட்கிற மாதிரி படிக்கட்டும். பிளாசாவில் நின்று, அழித்தது நான்தான், பயத்தில் அழித்தேன் என்று என் வாயாலேயே சொல்கிறேன். அப்புறம் அவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும், எழுதட்டும். நீ ஒன்றையும் அழிக்காதே மனாய்.

அம்மாவைப் பற்றி யாராவது எழுதினால் மட்டும், எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழி.

உன் தம்பி,
அன்செல்மோ